குமரேசனை ஏன் தூத்துக்குடிக்கு அனுப்பினேன்

கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் முகாமுக்கு என்னைப் பேச அழைக்கும்போதெல்லாம் கடைசி வரிசையிலிருந்து யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்: "சார், குமரேசனை ஏன் சார் விட்டுக்குடுத்தீங்க?" கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு. நான் ஓய்வு பெற்று, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி மட்டும் ஓய்வு பெறவில்லை. காட்பாடியில் டீ குடிக்கப் போனால் டீ ஆற்றுகிறவர் கேட்கிறார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லிவிட்டு டாக்டர் கேட்டார். அந்த நிலையில் நான் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆகவே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு வழக்கு வரும். அப்போது உபயோகப்படலாம்.

அப்போது நான் ஆம்பூர் அணியின் தலைமைப் பயிற்சியாளர். மாநில அளவில் தொழில்முறை லீக் தொடங்கியபோது, ஷூ கம்பெனி நடத்தும் ஒரு முதலாளி எங்கள் பக்கத்துக்கென்று ஓர் அணியை எடுத்தார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கூடைப்பந்தில் பாய்க்குத் தெரிந்தது, பந்து வளையத்துக்குள் விழுந்தால் கைதட்ட வேண்டும் என்பது மட்டும். எந்தப் பக்கத்து வளையம் என்பதில் முதல் சீசனில் அவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஆனால் மனசு தாராளம். உள்ளூர் ஆட்டம் இருக்கிற நாளில் பகல் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானத்துக்கு வரும். தையல் பிரிவுப் பெண்கள் ஒரு பக்கத்து கேலரியையே நிரப்பிவிடுவார்கள். அவர்களுக்குத் தலைவி செல்வி. பேர்ணாம்பட்டுக்காரி. அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை.

அந்த கேலரிக்குச் செல்லப்பிள்ளை குமரேசன். குடியாத்தத்தில் விசைத்தறியில் லுங்கி நெய்கிற குடும்பம். எங்கள் அணியில் அவன்தான் குள்ளம். அவன் ஆடியது பாயிண்ட் கார்டு இடம். விளையாட்டுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பந்தை நம் பக்கத்திலிருந்து எதிரியின் பக்கம் கொண்டுபோய், யார் எங்கே ஓட வேண்டும், யார் கைக்கு எப்போது பந்து போக வேண்டும் என்று ஓடிக்கொண்டே முடிவெடுக்கிற ஆள்தான் பாயிண்ட் கார்டு. குமரேசன் பாஸ் கொடுத்தால் பந்து வாங்குகிறவனுக்கே அது பிறகுதான் தெரியும். ஓடிக்கொண்டிருப்பான், திடீரென்று கையில் பந்து இருக்கும். குறை ஒன்று உண்டு. தூரத்திலிருந்து வளையத்தைப் பார்த்து எறிய அவனுக்கு வராது. எத்தனையோ பாடுபட்டும் வரவில்லை.

இன்னொருவர் ஜோயல். சென்னைக்காரர், லீக்கிலேயே பெரிய பெயர். அவரை வைத்துத்தான் நாங்கள் அணியைக் கட்டினோம். ஜோயலுக்குப் பந்து கையில் இருந்தால்தான் ஆட்டம். தானே கொண்டுபோவார், தானே நுழைவார், தானே போடுவார். கர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஆட்டமே அப்படி. அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். அவரைச் சுற்றி, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற கனமான ஆட்களாகப் பார்த்து எடுத்திருந்தோம்.

இரண்டாவது சீசனில் பாதி லீக் முடிந்தபோது நாங்கள் நடுவில் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தோம். ஆள் மாற்றிக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் தருவார்கள். அந்த வாரம் பாய் எங்களைக் கம்பெனியின் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். பாய், நான், புள்ளிவிவரம் பார்க்கிற நித்யா, மூன்று பேர்தான். மேசை முழுக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சாம்பிள் ஷூக்கள். தோல் வாசனைக்கு நடுவில் லேப்டாப்பைத் திறந்த நித்யா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"குமரேசனை அனுப்பிடலாம் சார். பாயிண்ட் போடுறது கம்மி. போன சீசனைவிட அசிஸ்ட்டும் கம்மி. தூத்துக்குடி டீம்ல சார்லஸ்னு ஒருத்தர் இருக்காரு. தூரத்துலேர்ந்து போடுறதுல கெட்டி. அங்க அவரை வேஸ்ட்டா வச்சிருக்காங்க. மாத்திக்கலாம்."

அசிஸ்ட் என்றால், நீங்கள் கொடுத்த பாஸை வாங்கியவர் உடனே புள்ளி போடுவது.

பாய் முகம் சிவந்துவிட்டது. "இன்னாம்மா பேசுறே நீ? அவன் நம்ம ஊர் புள்ள. அவன் பேரைச் சொல்லித்தான் ஜனங்க பஸ் ஏறி வருது. அவனை அனுப்பிட்டு நான் ஃபேக்டரிக்குள்ள எப்டி நடக்கிறது? கோச், நீ சொல்லு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நித்யாவிடம், "ஜோயல் பெஞ்சுல உக்காந்திருக்கிற நேரத்தை மட்டும் தனியா எடு. அப்ப குமரேசன் எப்படி ஆடியிருக்கான் பாரு" என்றேன்.

அவள் கீபோர்டைத் தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "சார், அந்த நேரத்துல நம்ம டீம்லயே இவர்தான் பெஸ்ட். ஜோயலைவிட."

பாய் மேசையில் ஓங்கி அடித்ததில் ஒரு ஷூ கீழே விழுந்தது. "பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்! அவன் தங்கம். முடிஞ்சுது பேச்சு. டீ சொல்லு."

"பாய், அதனாலதான் அவனை அனுப்பணும்னு நானும் சொல்றேன்."

டீ சொல்லப் போன கை பாதியில் நின்றது. பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெயிலில் ஜாஸ்தி நின்றுவிட்டானோ என்கிற பார்வை.

நான் மேசையிலிருந்த ஷூக்களை எடுத்து வைத்துக் காட்டினேன். பெரிய பூட்ஸ் ஒன்று ஜோயல். கனமான மூன்று ஷூக்கள் மற்ற மூன்று பேர். குமரேசனுக்குக் கைக்குக் கிடைத்த ஒன்றை வைத்தேன்.

"என் குமரேசனுக்கு லேடீஸ் செருப்பா?" என்றார் பாய்.

"சைஸுக்கு வச்சேன் பாய். இப்ப பாருங்க. பந்து ஜோயல் கையில. குமரேசன் இந்த மூலையில நிக்கிறான். அங்கேருந்து அவனுக்கு எறிய வராதுன்னு எதிரிக்குத் தெரியும். அவனை மறிக்கிறவன் அவனை அம்போன்னு விட்டுட்டு ஜோயல் மேல வந்து விழுறான். ஜோயலை ரெண்டு பேர் மறிக்கிறாங்க. ஜோயலுக்கும் பேஜார், குமரேசனுக்கும் பேஜார். அந்த மூலையில சார்லஸ் நின்னா அவனை எவனும் விட்டுட்டு வரமாட்டான். ஜோயலுக்கு வழி கிடைக்கும்."

"அப்ப பந்தைக் குமரேசன் கையில குடு."

"குடுத்தா ஜோயல் மூலையில நிக்கணும். அவருக்கு நிக்கத் தெரியாது. மத்த மூணு பேருக்கும் ஓடத் தெரியாது. குமரேசன் பாஸை வாங்க ஆள் ஓடணும் பாய்."

பாய் அந்தச் செருப்பைக் கையில் எடுத்தார். பிறகு கேட்டார் பாருங்கள், நியாயமான கேள்வி: "அப்ப ஜோயலை அனுப்பிட்டு, குமரேசனுக்கு ஏத்தாப்ல டீமைக் கட்டலாமே?"

"கட்டலாம். சீசன் ஆரம்பத்துல கேட்டிருந்தா அதுக்கும் தயார்னு சொல்லியிருப்பேன். இப்ப பாதியில நாலு பேரை மாத்த முடியாது."

"சரி, பெஞ்சுல வச்சுக்கோ. ஜோயல் களைச்சா இறக்கு. ஊர் புள்ள ஊர்லயே இருக்கட்டும்."

இந்த இடத்தில்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெஞ்சில் வைத்துக்கொள்வது யாருக்கும் வலிக்காத தீர்வு மாதிரி தெரியும். முதலாளிக்குச் சந்தோஷம், கேலரிக்குச் சந்தோஷம், உங்களுக்கும் அன்றைக்கு ராத்திரி நிம்மதியான தூக்கம். நஷ்டப்படுகிறவன் அவன் ஒருத்தன்தான். குமரேசனுக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. பாயிண்ட் கார்டுக்கு அறிவும் காலும் ஒரே சமயத்தில் ஒத்துழைக்கிற வருஷங்கள் மிகக் குறைவு. அந்த வருஷங்களை நம் பிரியத்துக்காகப் பெஞ்சில் உட்கார வைக்க நமக்கு உரிமை கிடையாது. இதைப் பாயிடம் கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "நீ கோச். நீ சொன்னா சரி. ஆனா ஃபேக்டரியில எவ கேட்டாலும் நான் உன் பேரைத்தான் சொல்வேன்."

சொன்னபடியே செய்தார்.

தூத்துக்குடியின் பயிற்சியாளர் என் பழைய தோஸ்த். இளமையில் எதிரெதிர் அணியில் ஆடி, ஒருவர் முழங்கையை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள். அவருடைய பையன்கள் எல்லோரும் இளம் குதிரைகள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடுவார்கள். ஆனால் யாருக்கு எப்போது பந்து கொடுப்பது என்று சொல்ல ஆளில்லாமல், கூட்டமாக ஓடிக் கூட்டமாகவே திரும்பி வருவார்கள். நான் போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன் வே," என்றார், "நெசத்தச் சொல்லும். பையனுக்கு முட்டு போயிருச்சா?"

"முட்டி நல்லா இருக்குய்யா."

"அப்ப குடும்பத்துல ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாமலா கையில இருக்க நல்ல ஆளைத் தூக்கி எதிரிக்குக் குடுப்பீரு? இதுல என்னமோ இருக்கு."

அவரைச் சம்மதிக்க வைக்கப் பாயைச் சமாளித்ததைவிட ஜாஸ்தி நேரம் ஆயிற்று. ஒரு நல்ல ஆளை நல்லவன் என்று சொல்லிக் கொடுத்தால் யாரும் நம்புவதில்லை. சார்லஸைப் பற்றி அவர் என்னிடம் ஏதாவது மறைக்கிறாரா என்று நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டிவிட்டது.

குமரேசனிடம் சொல்லும் வேலை பாக்கி. போனில் சொல்லிவிடலாம், மேனேஜரை விட்டுச் சொல்லச் சொல்லலாம். சில அணிகளில் வீரர் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நான் ஓய்வு நாளாகப் பார்த்துக் குடியாத்தம் போனேன்.

ஆனால் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. அவர்கள் வீட்டு முன்கட்டிலேயே விசைத்தறிகள். அவன் அப்பா தறி பக்கத்தில் நின்றிருந்தார். குமரேசன் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான். தறி போடுகிற சத்தத்தில் நான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே கேட்கவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும்!" என்று கத்தினேன்.

"இன்னா சார்?"

"உன்னை தூத்துக்குடிக்கு மாத்தியாச்சு!"

"எதை மாத்தியாச்சு?"

"உன்னை! தூத்துக்குடிக்கு!"

எதிர் வீட்டு அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தறி நின்றது. கடைசியில் அவன் அப்பாவே சுவிட்சை அணைத்தார். சட்டென்று வந்த அந்த அமைதி இருக்கிறதே, அந்தச் சத்தமே தேவலை என்றாகிவிட்டது.

"நான் சரியா ஆடலியா சார்?" என்றான் குமரேசன். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"நல்லா ஆடுறே. இங்க உனக்கு ஆட வழியில்ல."

அப்பா தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நல்லா ஆடுறவன ஊர்ல வச்சுக்குவாங்களா, தொரத்துவாங்களா? இது இன்னா நியாயம் சார்? எம்புள்ள பிரயோஜனம் இல்லன்னா நேரா சொல்லிட்டுப் போங்க."

பாயிடம் ஷூக்களை வைத்துக் காட்டினேன். ஒரு தகப்பனிடம் எதை வைத்துக் காட்டுவது? குமரேசனைப் பார்த்தே கேட்டேன்: "நீயே சொல்லு. ஜோயல் ஆடுற நேரத்துல உன் கைக்கு எவ்வளவு பந்து வருது?"

அவனையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது. "மூலையில நின்னு நின்னு, அந்த அட்ரஸ்லயே ரேஷன் கார்டு வாங்கிடலாம்னு இருந்தேன் சார்."

எதிர் வீட்டு அம்மாகூடச் சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அங்க ஓடுற பசங்க இருக்காங்களா சார்?" என்றான்.

"கால் தரையில நிக்காத பசங்க இருக்காங்க. பந்து குடுக்கத்தான் ஆள் இல்ல."

அவன் முகத்தில் அப்போது ஒன்று நடந்தது. கண் எங்கேயோ போய்விட்டது. நான் சொன்ன பையன்கள் அவன் மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. மூலையில் நிற்க வைத்த இத்தனை மாதங்களில் நான் பார்க்காத முகம் அது. என் முடிவு சரியா என்று அதுவரை எனக்குள் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அங்கே போயிற்று.

அப்பா சுவிட்சைப் போட்டார். மறுபடியும் சத்தம். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டேன். அவன் அப்பா பின்னாலேயே வேகமாக வந்தார். கையில் ஒரு புது லுங்கி.

"கட்டிக்கோங்க சார். கோவம் இருக்குது. அதுக்காக வந்தவர வெறுங்கையா அனுப்ப முடியுமா?"

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்குப் பஸ்கள் வந்து நின்றன. நான் வாசலில் இருந்தேன். செல்வி முதல் ஆளாக இறங்கினாள்.

"இன்னா கோச் சார், நம்ம புள்ளைய வித்துட்டீங்களாமே?"

"விக்கலம்மா. மாத்திக்கினோம்."

"மாத்திக்கினீங்களா? பழைய துணிக்குப் பாத்திரம் வாங்குற மாதிரியா?"

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அன்றைக்கு ஆட்டம் முழுக்க, எங்கள் ஆள் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் கேலரியிலிருந்து "குமரேசா!" என்று ஒரு கூவல் வரும். சார்லஸ் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் ஒரு தடவை திரும்பிக் கையை ஆட்டினார்.

நித்யாவுக்குத் தாங்கவில்லை. "சார், ஜோயல் இல்லாத நேரத்து நம்பரை வேணா பெரிய போர்டுல எழுதி வெளியில வச்சிடலாமா?" என்றாள்.

"வேணாம்மா. அவங்களுக்குப் பிடிச்ச ஆளை நாம அனுப்பிட்டோம். திட்டட்டும். திட்ட வர்றவங்க டிக்கெட் வாங்கித்தான் வர்றாங்க."

ஆனால் உள்ளுக்குள் எனக்கும் கொஞ்சம் பயம்தான். சார்லஸ் வந்து இரண்டு ஆட்டம் தோற்றோம். பாய் போனை எடுத்து "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். அந்த 'ம்' ஒரு பக்கக் கடிதத்துக்குச் சமம். இந்த மாதிரி நேரத்தில்தான் பயிற்சியாளர்கள் தங்கள் முடிவைத் தாங்களே கெடுத்துக்கொள்வார்கள். ஆளை மாற்றுவோமா, வேறு முறை ஆடுவோமா என்று கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நம் வேலையில் ஒரு பகுதி. மூன்றாவது ஆட்டத்தில் மூலையிலிருந்து சார்லஸ் போட ஆரம்பித்தார். ஒன்று, இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அவரை விட்டு நகர எதிரிக்குத் தைரியம் வரவில்லை. ஜோயலுக்கு முன்னால் ரோடு போட்ட மாதிரி வழி திறந்தது. அதற்குப் பிறகு நாங்கள் தோற்றது அபூர்வம். கேலரியின் "குமரேசா" மட்டும் நிற்கவில்லை. ஜெயிக்கும்போதும் அதையே கூவினார்கள். பழக்கமாகிவிட்டது.

தூத்துக்குடியிலிருந்தும் செய்தி வந்துகொண்டிருந்தது. கூட்டமாக ஓடிக் கூட்டமாகத் திரும்பிய அந்தக் குதிரைகள் இப்போது பிரிந்து பிரிந்து ஓடின. ஓடிய இடத்துக்குப் பந்து வந்தது. என் தோஸ்த் ஒரு நாள் போன் செய்தார். "உம்ம மேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கிடும். ஆனா இப்பவும் எனக்குப் புரியல, ஏன் வே குடுத்தீரு?"

இப்படியாக, நீங்கள் ஊகித்திருப்பீர்கள், இறுதி ஆட்டம் எங்களுக்கும் தூத்துக்குடிக்கும். வேலூரில்.

அதற்கு முந்தின இரண்டு நாளும் நானும் நித்யாவும் வேறு வேலை பார்க்கவில்லை. குமரேசனை எப்படி நிறுத்துவது? அவனை மறிப்பதில் பயனில்லை, அவன்தான் போடமாட்டானே. அவன் பாஸ் போகிற வழிகளை மூட வேண்டும். அதற்கு எங்களுக்கு ஒரு ஆள் கூடுதலாக வேண்டும். நித்யாதான் கண்டுபிடித்தாள். தூத்துக்குடியில் அந்தோணி என்று ஒரு நெட்டையன். வளையத்துக்கு நேர் கீழே நின்றால் மட்டும்தான் பந்தை உள்ளே போடத் தெரியும். இரண்டடி தள்ளி நின்றால் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. "அவரை விட்டுடலாம் சார். வளையத்துக்குக் கீழ போகாம மட்டும் தடுத்தா போதும். அவரை மறிக்கிற ஆளை ஓடுற பசங்க வழியில நிறுத்தலாம்." நல்ல திட்டம். இன்றைக்குக் கேட்டாலும் அதையே செய்வேன்.

அரங்கத்துக்குள் குமரேசன் நுழைந்ததும் எங்கள் தையல் பிரிவு கேலரி எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. எங்கள் அணி வந்தபோதும் அதே ஆர்ப்பாட்டம். நான் செல்வியைப் பார்த்துக் கேட்டேன், "நீங்க யாரு பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான் சார். யார் ஜெயிச்சாலும் எங்களுக்குச் சந்தோஷம். நீங்கதான் மாட்டிக்கினீங்க."

ஆட்டத்தின் பெரும்பகுதியில் திட்டம் வேலை செய்தது. ஜோயல் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். சார்லஸ் தன் பழைய அணிக்கு எதிராக மூலையிலிருந்து மழையாகப் பொழிந்தார். குமரேசன் விடவில்லை. நாங்கள் ஒரு வழியை மூடினால் இன்னொரு வழியில் பந்தை நுழைத்தான். கடைசியில், சில நொடிகள் பாக்கி, நாங்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து அவர்களுடையது. என் தோஸ்த் டைம் அவுட் கேட்டார்.

என் பையன்கள் பெஞ்சைச் சுற்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஜோயல் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "கோச், குமரேசனை நான் மறிக்கிறேன்." எதிரியை மறிக்கிற வேலைக்கு ஜோயல் தானாகக் கை தூக்கி நான் பார்த்ததில்லை. சரி என்றேன். அந்தோணியை என்ன செய்வது என்று நித்யா கண்ணாலேயே கேட்டாள். ஆட்டம் முழுக்கச் சரியாக வந்த ஒன்றைக் கடைசி நொடியில் பயந்து மாற்றக் கூடாது. "விட்டுடுங்க," என்றேன்.

குமரேசன் பந்தோடு வந்தான். ஜோயல் எதிரே அகலமாக நின்றார். இடது பக்கம் ஒரு பையன் மின்னலாக ஓடினான். குமரேசன் அவனையே பார்த்தான், உடம்பையும் அந்தப் பக்கமே திருப்பினான். எங்கள் ஐந்து பேரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். நானும் பெஞ்சில் சாய்ந்தேன். பந்து போனது வலது பக்கம், அந்தோணியிடம்.

அந்தோணி வளையத்திலிருந்து நல்ல தூரத்தில், பக்கத்தில் ஈ காக்கை இல்லாமல் நின்றிருந்தான். எறிந்தான். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு எழும்பியது. அரங்கமே வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்த்தது. மறுபடி விளிம்பில் பட்டது. உள்ளே விழுந்தது.

தோற்றோம். கேலரி என்ன கத்தியது என்று எனக்குத் தெரியாது. நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வருத்தம் இருந்தது, இல்லை என்றால் பொய். ஆனால் கூடவே ஒரு சிரிப்பும் வந்துகொண்டே இருந்தது, அடக்க முடியவில்லை. நித்யா என்னைக் கவலையோடு பார்த்தாள்.

குமரேசன் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு ஓடி வந்தான். "சார், கோவமா?"

"அந்தோணி எப்படா தூரத்துலேர்ந்து போடக் கத்துக்கினான்?"

"தினம் பிராக்டீஸ் முடிஞ்சதும் நானும் அவனும் இருப்போம் சார். அந்த ஒரே இடத்துலேர்ந்துதான். வேற எங்க நின்னாலும் அவனுக்கு இன்னும் வராது." மூச்சு வாங்கினான். "ஓடுற பசங்களத்தான் எல்லாரும் மறிப்பாங்க. அவனை எவனும் கண்டுக்க மாட்டான்னு தெரியும். ஆட்டத்துல அவன் அங்கேருந்து போட்டதே இதான் முதல் தடவ சார். எனக்கே உதறல்தான்."

ஜோயல் வந்து அவன் தலையைப் பிடித்து ஆட்டினார். இரண்டு பேரும் ஒரே அணியில் இருந்தபோது அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

பாருங்கள், ஒரு பாயிண்ட் கார்டின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டால் அன்றைக்கும் இன்றைக்கும் என்னிடம் ஒற்றை எண் கிடையாது. எங்கள் மூலையில் நின்ற குமரேசனும் அந்தோணிக்குப் பாஸ் கொடுத்த குமரேசனும் ஒரே ஆள்தான். அவன் எதையும் புதிதாகக் கற்றுக்கொண்டு போகவில்லை. அவனைச் சுற்றி நின்ற ஆட்கள்தான் மாறினார்கள். ஆகவே யாராவது ஒரு வீரனைக் காட்டி "இவன் எப்படி?" என்று கேட்டால், "யார் கூட?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு, உங்களுக்கு நஷ்டமானாலும் அதைச் சொல்லுங்கள். கோப்பை போயிற்றே என்று கேட்பீர்கள். நடுவில் தொங்கிக்கொண்டிருந்த நாங்கள் இறுதி ஆட்டம் வரை வந்ததே அந்த மாற்றத்தால்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மறுநாள் காலை பாய் போன் செய்தார். 'ம்' என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். குரலில் உற்சாகம் பொங்கியது.

"கோச், ராத்திரி பூரா யோசிச்சேன். அடுத்த சீசனுக்கு நம்ம குமரேசனைத் திரும்ப வாங்கிடலாம். இன்னா சொல்றே?"

"வாங்கலாம் பாய். ஆனா அந்த ஓடுற பசங்களையும் சேத்து வாங்கணும்."

"வாங்கு."

"அந்தோணியையும்."

"அவனையும் வாங்கு."

"அவங்க கோச்சையும்தான். அவர்தான் அந்தப் பசங்களை அப்படி ஓட வைக்கிறாரு."

பாய்க்குப் பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது.

"யோவ்," என்றார் பாய், "ஒரேயடியா கடலோட சேத்து தூத்துக்குடியையே வாங்கச் சொல்லேன்!"